மிளகாய்ச் செடிக்கு வீட்டில் கட்டிய எல்.இ.டி. விளக்கு: எங்கே சொதப்புகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது

சென்னையில் உட்கார்ந்துகொண்டு செடிக்கு விளக்குப் போடுகிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். வெயிலுக்கா இங்கே பஞ்சம்? ஆனால் என் வீடு திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் முதல் மாடி. ஜன்னலைத் திறந்தால் நாலடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர், மொட்டை மாடிச் சாவி வீட்டுக்காரரிடம். ஜன்னல் கம்பி ஓரமாக போனை வைத்து, வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கும் ஆப்பில் பார்த்தால் நடுப்பகலில் 1,200 காட்டுகிறது. அதே நேரத்தில் மாடி வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். 1,200 லக்ஸில் மணி பிளாண்ட் பிழைத்துக்கொள்ளும், மிளகாய் பிழைக்காது.

அதனால்தான் ரிச்சி தெருவில் சாமான் வாங்கி நானே கட்ட ஆரம்பித்தேன். இப்போது எரிவது மூன்றாவது விளக்கு. முதல் இரண்டும் பட்ட பாடு கீழே வரும். கட்டுவது எப்படி என்று இங்கே எழுதப்போவதில்லை. கட்டி மாட்டியாகிவிட்டது, ஆனால் என்னவோ சரியில்லை என்று தொட்டி முன்னால் இடுப்பில் கைவைத்து நிற்கிறவர்களுக்குத்தான் இது. முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: நம் ஊரில் வெளிச்சத்தின்மேல் போடுகிற பழியில் பாதி சூட்டுக்குச் சேர வேண்டியது. அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விளக்கை இறக்கி, உரம் போட்டு, தண்ணீரையும் மாற்றினால் செடி தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது.

உதாரணத்துக்கு என் விளக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி இரண்டு பேனல், ஒவ்வொன்றும் இப்படி. 3 வாட் ஸ்டார் எல்.இ.டி. (நட்சத்திர வடிவத் தகட்டில் உட்கார்ந்திருப்பது) பத்து, அதில் ஆறு வெள்ளை, நாலு 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு. எல்லாம் ஒரே வரிசையாக சீரிஸில். டிரைவர், அதாவது எல்.இ.டி.க்கு அளவாகக் கரண்ட் கொடுக்கும் பெட்டி, 600 மில்லி ஆம்பியர், 20 முதல் 38 வோல்ட் வரை.

சுவிட்ச் போட்டால் எதுவுமே எரியவில்லை

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும். சீரிஸில் ஒரு எல்.இ.டி.யின் உள்ளே தொடர்பு அறுந்தால் வரிசை முழுக்கப் படுத்துவிடும், பழைய சீரியல் செட்டு மாதிரி. மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து ஒவ்வொரு ஸ்டாரிலும் பிளஸ்ஸில் சிவப்பு முனை, மைனஸில் கறுப்பு முனை என்று தொட்டுக்கொண்டே போனால் நல்லது மினுக்கும், செத்தது மினுக்காது. சில மலிவு மீட்டர்கள் 3 வோல்ட்கூடக் கொடுக்காது, அதனால் சிவப்பு மட்டும் மினுக்கி வெள்ளை சும்மா இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஆறு வெள்ளையும் போச்சு என்று பயந்து நான் அரை நாள் வீணாக்கினேன். இரண்டு பென்சில் செல்லை சீரிஸில் போட்டு, நடுவே 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துத் தொட்டால் வெள்ளையும் லேசாகவாவது எரியும்.

எல்லா எல்.இ.டி.யும் நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் சால்டரிங். ஸ்டாரின் அடியில் அலுமினியத் தகடு இருக்கிறது, வைத்த சூட்டையெல்லாம் அது உறிஞ்சிவிடும். 25 வாட் சால்டரிங் அயர்னை வைத்தால் ஈயம் உருகின மாதிரி தெரியும், ஆனால் முத்து மாதிரி உருண்டு மேலே உட்கார்ந்திருக்கும், பிடித்திருக்காது. ஒயரை லேசாக இழுத்தால் கையோடு வரும். இதற்கு 60 வாட் அயர்ன் வேண்டும். ஹீட் சிங்கில் (சூட்டை வாங்கி வெளியே விடும் அலுமினியக் கட்டை) ஒட்டுவதற்கு முன்பே, ஒரு மரப்பலகை மேல் ஸ்டாரை வைத்து ஈயம் வைத்துவிட வேண்டும். ஒட்டின பிறகு வைக்கப் பார்த்தால் ஹீட் சிங்க் முழுக்கச் சூடாக்கினால்தான் வேலை ஆகும்.

நடுவில் மூன்று மட்டும் எரியவில்லை

இது என்னை ரொம்பக் குழப்பியது. சீரிஸில் பாதி எரிந்து பாதி எரியாமல் இருக்குமா? இருக்கும். இரண்டு இடத்தில் ஒயரோ ஈயப் புள்ளியோ ஹீட் சிங்கைத் தொட்டால், மின்சாரம் அந்த மூன்றையும் சுற்றிக்கொண்டு அலுமினியம் வழியாகவே போய்விடும். என் பேனலில் ஸ்டார்களை இறுக்கிய இரண்டு திருகாணிகளின் தலை பக்கத்து ஈயப் புள்ளிகளை மயிரிழையில் தொட்டுக்கொண்டிருந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, ஒரு முனை ஹீட் சிங்கில், இன்னொரு முனை ஒவ்வொரு ஈயப் புள்ளியிலும் வையுங்கள். எங்கேயும் பீப் வரக்கூடாது. வந்தால் திருகாணிக்கு பிளாஸ்டிக் வாஷர் போடுங்கள், இல்லையென்றால் திருகாணியே வேண்டாம், சூடு கடத்தும் பசையால் ஒட்டிவிடுங்கள்.

நொடிக்கு ஒரு தடவை அணைந்து அணைந்து எரிகிறது

போட்ட உடனேயே இப்படி மின்னினால் கணக்குதான் தப்பு. வெள்ளை ஒன்றுக்குச் சுமார் 3.1 வோல்ட், சிவப்பு ஒன்றுக்கு 2.2 வோல்ட். என் பேனலில் ஆறு வெள்ளைக்கு 18.6, நாலு சிவப்புக்கு 8.8, மொத்தம் 27.4, 20-க்கும் 38-க்கும் நடுவே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. என் முதல் விளக்கில் சிவப்பாகவே எட்டு போட்டிருந்தேன். எட்டுக்கு 17.6 வோல்ட்தான். டிரைவர் கேட்கிற குறைந்தபட்சமே 20. அது தொடங்கப் பார்க்கும், முடியாமல் விழும், மறுபடி தொடங்கும். கடைக்காரர் “டிரைவர் நல்லாத்தான் சார் இருக்கு” என்று இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தார், மூன்றாவது தடவைதான் எனக்கே புத்தி வந்தது. இரண்டு நீல எல்.இ.டி. கூடச் சேர்த்தேன், தீர்ந்தது.

முதல் பத்து நிமிஷம் ஒழுங்காக எரிந்துவிட்டு, சூடானதும் மின்னத் தொடங்கினால் அது வேறு நோய். ஏதோ ஒரு எல்.இ.டி.யின் உள்ளே மெல்லிய கம்பி விட்டிருக்கும், சூட்டில் விரிந்து தொடர்பு அறும், ஆறினதும் ஒட்டிக்கொள்ளும். மின்னும்போது ஒவ்வொன்றையும் மரக்குச்சியால் லேசாக அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தினால் நிற்கிறதோ அதைக் கழற்றிப் போட்டுவிடுங்கள்.

கண்ணுக்கு மின்னுவது தெரியாமல், போன் கேமராவில் மட்டும் கறுப்புக் கோடுகள் ஓடினால் அது 50 ஹெர்ட்ஸ் கரண்டின் 100 ஹெர்ட்ஸ் துடிப்பு. செடிக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற உங்களுக்குத்தான் தலை வலிக்கும்.

தொட்டால் சுருக்கென்கிறது, அல்லது டிரிப் ஆகிறது

இங்கே மட்டும் விளையாட்டு வேண்டாம். தண்ணீர் ஊற்றுகிற இடத்தில், ஈரக் கையோடு தொடுகிற சாமான் இது. டிரைவரே இல்லாமல் நேரடியாக 230 வோல்ட்டில் எரியும் தட்டையான பிளேட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. அதில் எல்.இ.டி.க்கும் மெயின்ஸுக்கும் நடுவே எந்தத் தடுப்பும் கிடையாது. தெரு விளக்குக் கூட்டுக்குள் பூட்டி வைக்க அது சரி, மிளகாய்த் தொட்டிக்கு மேலே தொங்கவிட வேண்டாம். வாங்கிவிட்டீர்களா, பரவாயில்லை, காசு போனது போகட்டும்.

நல்ல டிரைவராக இருந்தும் ஹீட் சிங்கில் டெஸ்டர் லேசாக எரிந்தால், பெரும்பாலும் டிரைவருக்குள் இருக்கும் சிறிய கெப்பாசிட்டர் வழியாக வரும் கசிவு. மூன்று முள் பிளக் போட்டு, எர்த் ஒயரை ஹீட் சிங்கோடு சேர்த்துத் திருகுங்கள். பழைய வீடுகளில் சுவர் பாயிண்டில் எர்த் துளை இருக்கும், உள்ளே ஒயர் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். எர்த் கொடுத்ததும் ஆர்.சி.சி.பி. (கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆனால் கசிவு நிஜம். டிரைவரை மாற்றாமல் மறுபடி போடாதீர்கள்.

சில மாதத்திலேயே மங்கிவிட்டது

என் இரண்டாவது விளக்கு இப்படித்தான் போனது. ஸ்லைடிங் ஜன்னல் செய்கிற பட்டறையில் அலுமினிய சேனல் துண்டு எடைக்கு வாங்கி, அதன்மேல் எல்.இ.டி.யை ஒட்டினேன். பார்க்க ஜோராக இருந்தது. மார்கழியில் ஓடியது, தையில் ஓடியது, கத்திரி வெயில் வந்ததும் ஒவ்வொன்றாக மஞ்சளடித்துச் சுருண்டது. வீட்டுக்குள்ளேயே 36 டிகிரி இருக்கும்போது அந்த மெல்லிய சேனல் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? போதாக்குறைக்கு அதன்மேல் இருந்த பெயிண்ட்டை நான் சுரண்டாமல் விட்டிருந்தேன்.

சோதனை சுலபம். அரை மணி நேரம் எரியவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, உடனே ஹீட் சிங்கின் முதுகில் விரல் வையுங்கள். ஐந்து நொடி தாங்கினால் ஏறக்குறைய 50 டிகிரிக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கையை வெடுக்கென்று இழுத்தால் விளக்கின் ஆயுளை நீங்களே தின்றுகொண்டிருக்கிறீர்கள். துடுப்பு துடுப்பாக இருக்கும் கனமான ஹீட் சிங்காக மாற்றுங்கள், அல்லது பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய 12 வோல்ட் ஃபேன் ஒன்றை மேலே வையுங்கள். இரண்டும் முடியாதென்றால் 600-க்குப் பதில் 350 மில்லி ஆம்பியர் டிரைவர் போடுங்கள். வெளிச்சம் குறையும், ஆனால் பாதியாகக் குறையாது, ஏனென்றால் கரண்ட் குறையக் குறைய எல்.இ.டி. இன்னும் சிக்கனமாக எரியும். மேலே 3 வாட் என்று எழுதியிருப்பதை நம்பி 3 வாட்டில் ஓட்டுவது, வேகமானியில் 160 எழுதியிருக்கிறது என்று மவுண்ட் ரோட்டில் 160-இல் போவது மாதிரி.

எல்.இ.டி.க்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே வைக்கிற தெர்மல் பேஸ்ட்டைத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி மெல்லிசாகத் தடவ வேண்டும். சட்னி மாதிரி அப்பினால் அதுவே சூட்டுக்குத் தடுப்பாகிவிடும்.

ஸ்டிரிப் லைட் போட்டவர்களுக்கு இரண்டு வரி. 5 மீட்டர் சுருளின் கடைசி முனை மங்கலாக இருந்தால் ஒயரை இரண்டு முனையிலும் கொடுங்கள். பின்பக்கப் பசை நம் ஊர் சூட்டில் நிற்காது, உரிந்து செடி மேலேயே விழும், அலுமினியப் பட்டையில் டை போட்டுக் கட்டுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்றில் இருப்பவர்களுக்குச் செம்பு முனைகள் பச்சை பூக்கும், அதன்மேல் வார்னிஷ் ஒரு கோட் அடித்துவிடுங்கள்.

இனி செடி.

நாற்று நூல் மாதிரி நீண்டு சாய்கிறது

வெளிச்சம் போதவில்லை, வேறொன்றும் இல்லை. விளக்கை இறக்குங்கள். வெள்ளை மட்டும் உள்ள விளக்கானால் இலை மட்டத்தில் போனை வைத்து நாற்றுக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ், பூக்கிற செடிக்கு 25,000 முதல் 30,000 லக்ஸ் வருகிறதா என்று பாருங்கள். போன் ஆப் துல்லியமில்லைதான், இருந்தாலும் 3,000-க்கும் 12,000-க்கும் வித்தியாசம் சொல்லும். சிவப்பு கலந்த விளக்கில் இந்த எண் ஏமாற்றும். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, 660 சிவப்பு நம் கண்ணுக்கு மங்கல், செடிக்கோ அதுதான் சாப்பாடு. அப்போது கணுவுக்கும் கணுவுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள், புதுக் கணுக்கள் நெருக்கமாக வந்தால் சரி. ஏற்கனவே நீண்டுவிட்ட நாற்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றும்போது வித்திலை வரை மண்ணுக்குள் இறக்கி நடலாம், ஒன்றும் ஆகாது.

நேரம் 14 மணி போதும். 24 மணி நேரமும் எரியவிட்டால் இரண்டு மடங்கு வளரும் என்று நினைக்க வேண்டாம், இலை வெளுக்கும். என் இரண்டு பேனலும் சேர்த்து 40 வாட், 14 மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு மாத ஈ.பி. பில்லில் சுமார் 34 யூனிட். பில்லைப் பார்த்து அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கருவேப்பிலைக்கும் ஒரு விளக்குப் போடேன் என்றார்.

இலை சுருள்கிறது

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். ஒரு ராத்திரி பொறுத்துப் பாருங்கள். விளக்குக்கு நேர் கீழே உள்ள மேல் இலைகள் மட்டும் நடு நரம்போடு படகு மாதிரி மடிந்து, விளக்கு அணைந்த பிறகு விரிந்துகொண்டால், அது வெளிச்சமும் சூடும் அதிகம் என்று செடி சொல்வது. ஒரு சாண் உயர்த்துங்கள், ஃபேன் காற்று படட்டும். அதையும் மீறி உச்சி இலை வெள்ளைக் காகிதம் மாதிரி வெளுத்திருந்தால் ரொம்ப நெருக்கம்.

ராத்திரியும் விரியவில்லையா? பூச்சி. நம் விவசாயிகள் சொல்கிற கணக்கு இன்றைக்கும் பொருந்துகிறது: மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டு இலை குறுகினால் சிலந்தி. இந்தச் சிலந்தி வலை பின்னுகிற சிலந்தி இல்லை, பேன் மாதிரிப் பொடி, சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. கொழுந்து கெட்டியாகி, அடியில் பித்தளை மாதிரி பளபளத்தால் அதுதான். பாதித்த கொழுந்தைக் கிள்ளி எறியுங்கள், மற்ற செடிகளிலிருந்து தொட்டியைத் தள்ளி வையுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலை விளக்கு அணைந்த பிறகுதான் அடிக்க வேண்டும். எரியும்போது அடித்தால் இலை பொசுங்கும். நனையும் கந்தகத் தூள் சிலந்திக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் வெயில் காலத்தில், அறை 32 டிகிரியைத் தாண்டும்போது அதைத் தொடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இலையின் அடியில் சின்னச் சின்னக் கொப்புளம், உப்புக்கல் தூவின மாதிரி வரும். பூச்சி முட்டை என்று நான் அரைநாள் துடைத்தேன். அது காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை வெளியே விட முடியாமல் வீங்குவது. தண்ணீரைக் குறைத்து ஃபேனைப் போட்டால் புது இலையில் வராது. பழையது அப்படியேதான் இருக்கும்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி. அடி இலை முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. அடி இலையில் நரம்பு பச்சையாக, நடுவில் மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் எப்சம் உப்பு கரைத்துத் தெளியுங்கள். கொழுந்தில் அதே மாதிரி நரம்பு பச்சை, நடு மஞ்சள் என்றால் இரும்பு, அதற்குக் காரணம் அநேகமாக உங்கள் போர் தண்ணீர். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா பாருங்கள். இரும்பு மண்ணிலேயே இருக்கும், உப்புத் தண்ணீர் மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடுவதால் வேரால் எடுக்க முடியாது. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் அதைவிட மோசம், வாளியில் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றாதீர்கள். மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஏ.சி. குழாயில் சொட்டுவது. அதில் உப்பே இருக்காது.

தண்டும் கணுவும் ஊதா நிறமானால் ஒன்றும் செய்ய வேண்டாம். பலமான வெளிச்சத்துக்கு மிளகாய் அப்படி நிறம் போட்டுக்கொள்ளும்.

பூக்கிறது, உதிர்கிறது

வீட்டுக்குள் காற்றும் இல்லை, தேனீயும் இல்லை. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும், யாராவது ஆட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். காலையில் காபி டம்ளரோடு போய்க் காம்பை விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள்.

தட்டியும் உதிர்ந்தால் தேதியைப் பாருங்கள். சித்திரை, வைகாசியா? பகலில் 35 டிகிரியும் ராத்திரியிலும் 28-க்குக் குறையாமலும் இருக்கும்போது மகரந்தம் மலடாகிவிடும், எந்த விளக்காலும் அதைச் சரிசெய்ய முடியாது. நான் அந்த இரண்டு மாதமும் மதியம் 12 முதல் 4 வரை விளக்கை அணைத்துவிடுகிறேன். காலை 5 முதல் 12, மாலை 4 முதல் இரவு 11 என்று டைமரில் பிரித்து வைத்தால் அதே 14 மணி நேரம் கிடைக்கிறது; அறை கொதிக்கிற நேரத்தில் விளக்கின் சூடு சேராது. மிளகாய் இரவின் நீளத்தைப் பெரிதாகக் கணக்குப் பார்க்கிற செடி இல்லை, அதனால் பிரித்துக் கொடுப்பதில் சிக்கலில்லை. பூ உதிர்ந்தால் உதிரட்டும், செடியை உயிரோடு வைத்திருந்தால் கார்த்திகையிலிருந்து மாசி வரை கொத்துக் கொத்தாகக் காய்க்கும்.

பூவே வராமல் இலை மட்டும் கருகருவென்று செழித்தால் உரம் அதிகம், தழைச்சத்தை நிறுத்துங்கள். மீன் அமிலம் ஊற்றிப் பார்க்கலாமா என்று நினைத்தால், மூடிய அறைக்குள் வேண்டாம். நாற்றம் தாங்காமல் மூன்று நாள் நான் ஹாலில் படுத்தேன்.

இலை கறுப்பாகத் தெரிகிறது, நோயா தெரியவில்லை

நீலமும் சிவப்பும் மட்டும் போட்ட ஊதா விளக்கில் எல்லாச் செடியும் அப்படித்தான் தெரியும். பச்சையே இல்லாத வெளிச்சத்தில் பச்சை இலை கறுப்பாகத்தானே இருக்கும். நோய் பார்க்க வேண்டுமானால் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். என் முதல் விளக்கு அந்த ரகம். எதிர் வீட்டு மாமி ஒருநாள் படியில் நிறுத்தி, “ராத்திரியெல்லாம் ஜன்னல்ல ஊதாவா எரியறதே, ஏதாவது பூஜையாப்பா?” என்று கேட்டார். வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பதும் நீலம்தான், மேலே பாஸ்பர் பூச்சு இருப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது, அதனால் தனியாக நீலம் வாங்கவே தேவையில்லை. அடுத்த விளக்கிலிருந்து வெள்ளைக்கு மாறினேன். இப்போது மஞ்சள் இலை மஞ்சளாகவே தெரிகிறது.